கூரையின் கீழ் நாற்று

காய்கறி விதையைத் தோட்ட மண்ணில் நேரடியாக ஊன்றாமல், வராந்தாவிலோ பால்கனியிலோ ஜன்னல் ஓரத்திலோ சிறு கொள்கலங்களில் முளைக்கவிட்டு, நான்கைந்து இலை விட்ட பிறகு இடம் மாற்றி நடும் பழக்கம் உலகின் பல பகுதிகளில் இருந்தாலும், அதற்கான காரணம் எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. கனடா, பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் உறைபனி விலகி மண் வெதுவெதுப்படைய மே மாதம் ஆகிவிடுகிறது. அதற்குப் பின் கிடைக்கும் குறுகிய கோடைக்குள் மிளகாயும் கத்தரியும் முளைத்து, வளர்ந்து, காய்த்து முடிக்க இயலாது என்பதால், அங்குள்ளவர்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே வீட்டுக்குள் விதைத்துவிடுகிறார்கள். டொராண்டோவில் கொல்லையில் கத்தரி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே கணக்குதான். தமிழகச் சமவெளியில் குளிர் ஒரு பொருட்டே அன்று. இங்கே நாற்றைக் கூரைக்கடியில் கொண்டுவரச் செய்பவை சித்திரை வெயிலும் ஐப்பசி அடைமழையும், விதையை இழுத்துச் செல்லும் எறும்பும், முளையைக் கொறிக்கும் அணிலும், எல்லாவற்றுக்கும் மேலாக, தக்காளிக்கு இலைச்சுருட்டு நச்சுயிரியைக் கொண்டுவரும் வெள்ளை ஈயும் ஆகும்.

இந்த வேறுபாட்டைக் கவனியாமல் குளிர்நாட்டு அறிவுரைகளை அப்படியே பின்பற்றுவோர், நாற்றுத்தட்டுக்கு அடியில் விரிக்கும் மின்வெப்ப விரிப்பை இணையத்தில் வாங்கிவிட்டு, சென்னையின் முப்பது பாகை வெப்பத்தில் அதை எதற்குப் பயன்படுத்துவது என்று விழிக்கிறார்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் 25 முதல் 30 பாகை செல்சியஸில் நன்றாக முளைப்பவை. உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களைத் தவிர்த்தால் அந்த வெப்பம் தமிழகத்து வீடுகளில் செலவின்றியே கிடைக்கிறது. இரு நாட்டாருக்கும் பொதுவான குறை வேறொன்று: மனிதர்களுக்குப் போதுமான வெளிச்சம் உள்ள வீடு, செடியைப் பொறுத்தவரை பெரும்பாலும் இருட்டறையாகவே இருக்கிறது. புதியவர்களின் நாற்று தோற்பதற்கு இதுவும், அளவுக்கு மீறிய தண்ணீருமே முதன்மையான காரணங்கள்.

எல்லாப் பயிருக்கும் நாற்று தேவையில்லை. தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோசு, காலிஃபிளவர், வெங்காயம் ஆகியவை இளமையில் மெதுவாக வளர்பவை, வேர் சற்று அறுபட்டாலும் மீண்டும் விடுபவை. ஆகவே அவற்றை நாற்றாக வளர்த்து நடுவது பயன் தரும். முள்ளங்கி, கேரட் போன்ற கிழங்குப் பயிர்களில் முதலில் இறங்கும் ஆணிவேரே பிற்பாடு உண்ணப்படும் பகுதியாகிறது என்பதால், இடம் மாற்றினால் அது கவைத்தும் கோணியும் போய்விடும். வெண்டை, அவரை, கொத்தவரை ஆகியவை நேரடியாக ஊன்றினாலே விரைந்து எழுகின்றன. பாகல், புடல், பீர்க்கு முதலிய கொடிவகைகள் வேர் கலைவதைப் பொறுப்பதில்லை. அவற்றை வீட்டுக்குள் தொடங்க விரும்பினால், மண்ணோடு சேர்த்தே குழியில் வைத்துவிடக்கூடிய காகிதக் குவளையில் ஊன்றுவது நல்லது.

விதை வாங்கும்போது உறையின் மேல் உள்ள படத்தைவிடப் பின்புறத்துச் சிறிய எழுத்துகளே கவனிக்கத் தக்கவை. விதை சோதிக்கப்பட்ட நாளும், செல்லுபடியாகும் காலமும், முளைப்புத்திறனும் அங்கே குறிக்கப்பட்டிருக்கும். முளைப்புத்திறன் என்பது ஏற்ற சூழலில் நூறு விதைக்கு எத்தனை முளைக்கும் என்ற கணக்கு. இந்திய விதைச்சான்றுத் தரநிலையின்படி தக்காளிக்கும் கத்தரிக்கும் குறைந்தது 70 விழுக்காடும், மிளகாய்க்கு 60 விழுக்காடும் போதுமானவை. எனவே பத்து மிளகாய் விதையில் நான்கு முளைக்காமல் போனாலும் அது விதைத்தவரின் குற்றம் ஆகாது. உறை பிரித்துப் பல மாதம் ஆன விதையாக இருந்தால், ஈரத் துணியில் பத்து விதைகளை மடித்து, மூடிய டப்பாவில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, முளைத்தவற்றின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ விதைக்கலாம். சில விதைகளின் மேல் காணப்படும் இளஞ்சிவப்புச் சாயம் பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டதற்கான அடையாளம். அது நஞ்சு என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்பதும், விதைத்தபின் கைகழுவுவதும் கட்டாயம்.

சேமிப்பைப் பற்றி ஹாரிங்டன் என்ற விதையியலாளர் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு: விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறையும்போதெல்லாம் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகிறது, சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து பாகை குறையும்போதும் அவ்வாறே. கிராமங்களில் விதையைச் சாம்பலோடு கலந்து காய்ந்த சுரைக்குடுக்கையில் அடைத்து, அடுப்புக்கு மேலே புகை படும்படி தொங்கவிட்டதன் பயனும் ஈரத்தை விலக்குவதும் பூச்சியைத் தடுப்பதுமே ஆகும். இன்றைய வீட்டில் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியும் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டும் அந்த வேலையைச் செய்யும். எவ்வளவு பத்திரப்படுத்தினாலும் வெங்காய விதை மட்டும் சாதாரணச் சூழலில் ஓராண்டுக்கு மேல் நம்பத்தக்கதன்று.

உலர்ந்த விதை உயிரற்றதாகத் தோன்றினாலும், அதனுள் கரு மிக மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் விதையுறை நெகிழ்ந்து, விதை நீரை உறிஞ்சி ஊதுகிறது. உள்ளே உறங்கிய நொதிகள் விழித்து, சேமிப்பில் இருந்த மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றைக் கரு பயன்படுத்தத்தக்க எளிய பொருள்களாக உடைக்கின்றன. பிறகே முளைவேர் உறையைக் கிழித்துக்கொண்டு கீழ்நோக்கி இறங்குகிறது. இந்த வேலைகள் அனைத்துக்கும் ஆக்சிஜன் தேவை. சொதசொதவென்ற ஊடகத்தில் காற்றிடைவெளிகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்வதால் விதை மூச்சுத்திணறி அழுகுகிறது என்பதும், முளைக்கவில்லையே என்று கவலைப்பட்டு மேலும் தண்ணீர் ஊற்றுவது அதே கேட்டை விரைவுபடுத்துகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும்.

விதையை எவ்வளவு ஆழத்தில் இடுவது என்பதற்கு, அதன் பருமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு என்பது பொது அளவு. தக்காளி விதைக்கு அரை சென்டிமீட்டர் வந்தால் தாராளம். மிக நுண்ணிய விதைகளில் சிலவற்றை மூடவே கூடாது, ஏனெனில் அவை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். 1952இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோர் அடங்கிய குழு லெட்யூஸ் கீரை விதைகளைக் கொண்டு இதைத் தெளிவாக நிறுவியது: சிவப்பு ஒளி பட்ட விதை முளைத்தது, அதையடுத்துக் கண்ணுக்குப் புலப்படும் எல்லையில் உள்ள தொலைசிவப்பு ஒளி பட்டால் முளைக்காமல் நின்றது, இரண்டையும் மாறி மாறிப் பாய்ச்சினால் கடைசியாகப் பட்டது எதுவோ அதுவே முடிவு செய்தது. விதைக்குள் ஒரு சாவியைப் போல மாறி மாறித் திறந்து மூடும் இந்த நிறமிக்குப் பின்னாளில் பைட்டோகுரோம் என்று பெயர் வைக்கப்பட்டது. முளைத்து வந்த செடி தான் வெயிலில் நிற்கிறதா, வேறொரு செடியின் நிழலில் நிற்கிறதா என்பதை அறிவதும் இதே நிறமியின் துணையால்தான்.

கொள்கலத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. தமிழகத்தில் நாற்றுப் பண்ணைகள் பெரும்பாலும் 98 குழிகள் கொண்ட குழித்தட்டையே பயன்படுத்துகின்றன. வீட்டுக்கு 50 குழித்தட்டே போதும், அதுவும் இல்லையெனில் அடியில் துளையிட்ட தயிர்க்கிண்ணமோ, கண் திறந்த கொட்டாங்குச்சியோ போதும். உள்ளே நிரப்பும் பொருளில்தான் கவனம் வேண்டும். தோட்டத்து மண் சின்னஞ்சிறு குழியில் இறுகிக் கட்டியாகிவிடுவதோடு நோய்க்கிருமிகளையும் கொண்டுவரும் என்பதால், தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கும் நன்கு மக்கிச் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கும் கலந்து பயன்படுத்துவது வழக்கம். கடைகளில் கோகோபீட் என்ற பெயரில் கிடைக்கும் இந்தக் கழிவு, கயிறு திரிக்க நாரைப் பிரித்தபின் மிஞ்சும் தூளை அழுத்திச் செய்த கட்டி. ஐந்து கிலோக் கட்டி ஒன்று தண்ணீரில் ஊறினால் சுமார் 70 லிட்டராகப் பெருகும். தேங்காய் மட்டையில் இயல்பாகவே சோடியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு, உவர்நீரில் ஊறவைத்த மட்டையில் இன்னும் மிகுதி; எனவே ஊறவைத்த தூளை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசி, தேநீர் நிறத்தில் வரும் நீர் தெளியும் வரை பிழிந்தபின் பயன்படுத்தினால்தான் முளைவேர் கருகாது. பிழிந்த கலவையைக் கைப்பிடியில் இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டுமே கசிவது சரியான ஈரத்துக்கு அடையாளம்.

அடியில் துளை இருந்தால் தண்ணீர் முழுதும் வடிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் நுண்துளைகளின் ஈர்ப்பு விசையால் கொள்கலத்தின் அடிப்பகுதியில் நனைந்த அடுக்கு ஒன்று எப்போதும் தங்குகிறது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் தன்மையே அன்றிக் கொள்கலத்தின் உயரமன்று. ஆகவே நாலு சென்டிமீட்டர் ஆழக் குழியில் அந்த அடுக்கு பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும், உயரமான குவளையிலோ மேற்பகுதி காற்றோட்டமாக இருக்கும். வடிகாலுக்கென்று அடியில் கூழாங்கல் போடுவது இந்த அடுக்கை அகற்றுவதில்லை, மேலே தூக்கித்தான் வைக்கிறது.

பண்ணைகளில் விதையிட்ட தட்டுகளை எட்டுப் பத்தாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பாலித்தீன் தாளால் போர்த்தி, முளை தலைகாட்டும் வரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஈரம் காயாது, வெப்பம் சீராக நிற்கும், இந்தப் பயிர்களுக்கு முளைக்கும் வரை வெளிச்சமும் தேவையில்லை. வீட்டில் ஒரு தட்டை மூடிவைத்தால் போதும். ஐந்தாம் ஆறாம் நாளில் தக்காளியின் தண்டு வளையமாக மண்ணைக் கீறிக்கொண்டு எழும். கத்தரி அதற்குச் சற்றுப் பிந்தும். மிளகாய் பத்து நாளுக்கு மேலும் இழுக்கும். இங்கேதான் விழிப்பு வேண்டும். முதல் வளையம் தென்பட்ட அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மற்ற குழிகளும் முளைக்கட்டும் என்று ஒருநாள் பொறுத்தால், முந்திக்கொண்டவை வெளிறி நூலாக நீண்டுவிடும்.

வெளிச்சமற்ற இடத்தில் முளை என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்தில் பாடப்புத்தகம் தேவையில்லை. அம்மன் கோயில் திருவிழாவின் முளைப்பாரி போதும். தென்மாவட்டக் கிராமங்களில் மண்சட்டியிலோ பாத்திரத்திலோ மண்ணும் வைக்கோலும் சாணப்பொடியும் பரப்பி, ஊறவைத்த நவதானியத்தைத் தூவி, வெளிச்சம் புகாத ஓர் அறையில் வைத்து நாள்தோறும் தண்ணீர் தெளித்து வளர்க்கும் பெண்கள், விழா நாளில் அதை வெளியே எடுக்கும்போது, மஞ்சளும் வெண்மையும் கலந்த, முழ உயரத்துக்கு நெருங்கி நிற்கும் மென்தளிர்க் கற்றையைச் சுமந்து வருகிறார்கள். இருட்டில் இருக்கும் முளை, தான் இன்னும் மண்ணுக்கடியில் இருப்பதாகவே கொண்டு, இலையை விரிக்காமலும் பச்சையம் ஆக்காமலும், விதையில் உள்ள சேமிப்பு முழுவதையும் தண்டை நீட்டுவதிலேயே செலவிடுகிறது. ஊர்வலம் முடிந்து நீர்நிலையில் கரைக்கப்படவிருக்கும் முளைப்பாரிக்கு அந்த உயரமும் வெளிர்நிறமுமே அழகு; மூன்று மாதம் காய்க்க வேண்டிய தக்காளிக்கு அதே உயரம் பெருங்குறை. வீட்டுக்குள் வளரும் நாற்று முழு இருட்டில் இல்லாமல் அரை இருட்டில் இருப்பதால் இலை பச்சையாகத்தான் இருக்கும், ஆனால் தண்டு மெலிந்து நீண்டு, இலைக்கணுக்களிடையே இடைவெளி அகன்று, ஒரு வாரத்தில் சாய்ந்துவிடும். உயரமாக வளர்கிறது என்று புதியவர்கள் மகிழ்வது பெரும்பாலும் இந்த நிலையைக் கண்டுதான்.

மனிதக் கண் இருளுக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால், வெளிச்ச அளவைப் பார்வையால் மதிப்பிட முடியாது. நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். விளக்கெரியும் கூடத்தில் இருப்பதோ இருநூறு முந்நூறு லக்ஸ். நேர்வெயில் படாத ஜன்னலோரத்தில்கூட ஓரிரு ஆயிரத்துக்கு மேல் கிடைப்பது அரிது. அத்துடன், ஜன்னலில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்தே வருவதால் நாற்று அப்பக்கமாக வளைகிறது; தளிரின் நுனியே ஒளியை உணர்கிறது, வளைவதோ அதற்குக் கீழுள்ள பகுதி என்பதைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் புல் முளைகளின் நுனியை மூடி வைத்துச் சோதித்து 1880இல் வெளியிட்ட நூலில் எழுதினார்கள். தட்டைத் தினமும் திருப்பி வைத்தால் நாற்று நேராக நிற்கும் என்பது சரிதான், ஆனால் திருப்புவதால் வெளிச்சம் கூடிவிடாது. மெலிந்த நாற்று நேராக நிற்கும், அவ்வளவே. காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழும் கிழக்குப் பால்கனியோ, ஐம்பது விழுக்காடு நிழல்வலை கட்டிய மொட்டைமாடியோ இருந்தால் வேறெதுவும் வேண்டாம். வெள்ளை ஈ நடமாட்டம் உள்ள இடத்தில் தட்டின் மேல் ஓர் அங்குலத்துக்கு 40 முதல் 50 கண்ணிகள் உள்ள நைலான் வலையைக் கூடாரமாகக் கட்டலாம். அடுக்ககத்தில் வெயிலுக்கு வழியே இல்லாதவர்கள், சாதாரண வெள்ளை எல்இடி குழல்விளக்கை நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடலாம். ஊதா நிறத்தில் ஒளிரும் விலையுயர்ந்த செடிவிளக்குகள் இந்த அளவுக்குத் தேவையில்லை. விளக்கின் விலையைவிட அதன் நெருக்கமே முக்கியம்.

வெளிச்சக் குறைவுக்கு அடுத்து நாற்றைக் கொல்வது நாற்றழுகல் நோய். நேற்று மாலை நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலை மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நைந்து, கயிறு போல் சுருங்கி, இலை வாடாமலே படுத்திருக்கும். பித்தியம், ரைசோக்டோனியா முதலிய பூஞ்சை வகை நுண்ணுயிரிகளால் வரும் இந்நோய் தாக்கிய நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. மிகுந்த ஈரமும், நெருக்கமும், காற்றோட்டமின்மையுமே அதற்கு இடங்கொடுக்கின்றன. விதைப்பதற்கு முன், கிலோவுக்கு நான்கு கிராம் என்ற கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியை விதையோடு புரட்டுவது வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறை. வீட்டில் விதைக்கும் ஒரு சிட்டிகை விதைக்கு, கையில் ஒட்டும் அளவுப் பொடி போதும். தண்ணீர் விடுவதில் காலை நேரமே நல்லது. மேலிருந்து ஊற்றினால் விதை ஒதுங்கிவிடும் என்பதால் பூவாளியாலோ தெளிப்பானாலோ தெளிக்கலாம். இன்னும் மேலானது, தட்டைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் பத்து நிமிடம் வைத்து, கலவையின் மேற்பரப்பு கருத்ததும் எடுத்து வடியவிடுவது. அடுத்த முறை எப்போது என்பதைக் கடிகாரம் சொல்லாது, தட்டைத் தூக்கிப் பார்த்தால் அதன் கனம் சொல்லும். தென்னைநார்க் கழிவு ஈரம் குறைந்ததும் நிறம் வெளுத்துவிடுவதும் ஒரு கணக்கு.

முதலில் விரியும் இரண்டு நீள இலைகள் வித்திலைகள். அவை விதையிலேயே உருவாகியிருந்தவை. அவற்றுக்குப் பின் நடுவிலிருந்து வரும், அந்தப் பயிருக்கே உரிய வடிவம் கொண்ட இலைதான் உண்மை இலை. உண்மை இலை வரும் வரை உரம் தேவையில்லை. ஒரு குழியில் இரண்டு முளைத்திருந்தால், வலியதை விட்டு மற்றதைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவது இந்தப் பருவத்தில்தான். பிடுங்கினால் இரண்டின் வேரும் பின்னிக்கொண்டு வந்துவிடும். மூன்றாம் வாரத்தில், நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு இரண்டு மூன்று கிராம் வீதம் ஒருமுறை விடலாம், அல்லது மண்புழு உரத்தை ஊறவைத்து வடித்த நீரை விடலாம். நாற்றின் தலையை நாளுக்கு ஓரிரு முறை உள்ளங்கையால் மெல்ல வருடிவிடுவதற்கும் பயன் உண்டு: காற்றாலோ தொடுதலாலோ அசைக்கப்படும் செடி உயரத்தைக் குறைத்துத் தண்டைத் தடிக்கச் செய்கிறது என்பதை விவரித்து, அதற்குரிய கலைச்சொல்லையும் 1973இல் உருவாக்கியவர் மார்க் ஜாஃபே என்ற தாவரவியலாளர். மின்விசிறியின் மெல்லிய காற்றும் அதையே செய்யும்.

நிழலில் வளர்ந்த நாற்றை நேரே வெயிலில் நட்டால் ஒரே நாளில் இலை வெளுத்துப் பொசுங்கிவிடும். எனவே நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று படிப்படியாகக் கூட்டி, தண்ணீரையும் சற்றுக் குறைத்து வர வேண்டும். இதனால் இலையின் மேல் மெழுகுப்படலம் தடித்து, நீரிழப்பு குறைகிறது. தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்குத் தயாராகின்றன. ஆடிப்பட்டம் என்று சொல்லப்படும் பருவத்தில் மிளகாய் நட நினைப்பவர், ஆனித் தொடக்கத்திலேயே தட்டில் விதைத்திருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. குழியில் மேலும் பல நாள் விட்டால் வேர் சுருண்டு, அங்கேயே பூ வைத்துவிடும். அத்தகைய முற்றிய நாற்று நட்ட பின் வளர்ச்சியில் பின்தங்கிவிடுகிறது.

நடவுக்கு மாலை நேரமே ஏற்றது. தட்டை முன்னதாக நனைத்து, குழியின் அடியை விரலால் அழுத்தினால் வேர்க்கட்டி உடையாமல் வெளிவரும். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெங்கும் புதுவேர் விடக்கூடியது என்பதால், சற்று நீண்டுபோன தக்காளி நாற்றை வித்திலை மறையும் அளவுக்கு ஆழப் புதைத்து நட்டால் அதன் குறையே அதற்கு வலுவாகிவிடும். கத்தரியையும் மிளகாயையும் தட்டில் இருந்த மட்டத்திலேயே நடுவது பாதுகாப்பானது. முதல் இரண்டு மூன்று நாள் உச்சிவெயில் நேரத்தில் தென்னங்கீற்றைச் சாய்த்து மறைப்புக் கொடுக்கலாம். காலியான குழித்தட்டைத் தேய்த்துக் கழுவி, நீர்த்த பிளீச்சிங் பொடிக் கரைசலில் சிறிது நேரம் ஊறவைத்து அலசி, உலர்ந்ததும் நிழலில் எடுத்து வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் உதவும். வெயிலிலேயே போட்டுவிட்டால் நெகிழி நொறுங்கிப்போகும்.